பாட்டோடு பேரையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சிவகங்கைப் பக்கத்துப் பெண்கள் பாடிய நடவுப் பாட்டு, தாலாட்டு, முளைப்பாரிக் கும்மி, ஒப்பாரி ஆகியவை அடங்கிய எங்கள் இசைத்தொகுப்பு வெளிவந்து ஓராண்டு ஆகிறது. அடித்த குறுந்தகடுகள் தீர்ந்துவிட்டன. பென் டிரைவ் இரண்டாம் முறையாகப் போட்டிருக்கிறோம். பாடியவர்களுக்கு உரிய முதல் ஆண்டுப் பங்குத்தொகை போன வாரம் அவரவர் வங்கிக் கணக்கில் போய் விழுந்தது. இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லத்தான் இந்த மடல். எங்கள் சிறு குழுவின் உழைப்பால் மட்டும் நடந்த காரியம் இல்லை இது. வழிநெடுகப் பல கைகள் தாங்கிப் பிடித்ததால் நடந்தது. அந்தக் கைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் பாடியவர்கள். உங்கள் பெயர்கள் உறையின் முன்பக்கத்தில், பாட்டுத் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அதனால் இங்கே நேரில் கூப்பிடுகிற மாதிரியே அப்பத்தா, அத்தை, மதினி என்று எழுதிக்கொள்கிறேன். பெயர் போடும் பேச்சு வந்த அன்று, மூத்த அப்பத்தா கேட்டீர்கள்: “பாட்டுக்கு எதுக்குத்தா பேரு? ஊருக்கே பொதுவான பாட்டுதானே?” கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு நீங்களே பதிலும் சொன்னீர்கள்: “மெட்டு ஊருக்குப் பொது. தொண்டை என்னோடதுதான்.” எங்கள் ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்த வழக்கறிஞர் அக்கா இதைக் கேட்டு அசந்துபோனார். மரபுப் பாட்டின் சொல்லும் மெட்டும் யாருக்கும் தனிச் சொத்து ஆகாது. ஆனால் அதைப் பாடிய குரலுக்கு, பாடியவர் என்ற முறையில் தனி உரிமை உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, அந்தப் பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பாடியவருக்கும் பங்குத்தொகை சேர வேண்டும். சட்டப் புத்தகம் பல பக்கத்தில் சொல்வதை அப்பத்தா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அந்த வழக்கறிஞர் அக்காவுக்கு ஒரு நன்றி போதாது. கட்டணம் வாங்கவில்லை என்பது இருக்கட்டும். ஒப்பந்தத்தைத் தமிழில், வாசித்துக் காட்டினால் காதால் கேட்டே புரிந்துகொள்ளும் நடையில் எழுதினார். கைநாட்டு வைக்கப் போனவர்களிடம், “அவசரம் இல்லை, வீட்டில் மகளிடமோ பேத்தியிடமோ இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினார். ஒரு நிறுவனம் மொத்தமாக ஒரு தொகை தந்து எல்லா உரிமையையும் வாங்கிக்கொள்ளக் கேட்டபோது, அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் என்ன பொருள் என்று பாடியவர்கள் முன்னாலேயே விளக்கினார். வேண்டாம் என்று முடிவெடுத்தது அவர்கள்தான். அப்படி முடிவெடுக்கத் தேவையான விவரத்தை நீங்கள்தான் கொடுத்தீர்கள், அக்கா.

ஒலிப்பதிவுக்குத் தொடக்கப் பள்ளியைக் கோடை விடுமுறையில் திறந்துவிட்ட தலைமை ஆசிரியைக்கு நன்றி. சித்திரை வெயிலில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருந்தது. மோட்டாருக்குச் சொந்தக்காரர் விஷயம் தெரிந்ததும் தண்ணீர் பாய்ச்சலை இரவுக்கு மாற்றிக்கொண்டார். கோடையில் கிணற்றுத் தண்ணீரின் மதிப்பு தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது புரியும்.

ஒலிப்பொறியாளராக வந்த தங்கச்சி, வகுப்பறையின் எதிரொலியை அடக்க ஊரில் இருந்த ஜமுக்காளம், பழைய மெத்தை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சுவரோரம் கட்டினாள். அவளிடம் நான் மதித்தது வேறொன்று. பாடுகிறவர்கள் நடுவில் இருமினால், சிரித்தால், “இந்த அடி மறந்துபோச்சே” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், அதையெல்லாம் அவள் வெட்டி எறியவில்லை. நடவுப் பாட்டு ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. அதில் தனிக்குரல் ஒன்றைத் தூக்கிவிட்டு மற்றவற்றைப் பின்னணி ஆக்கச் சொல்லி யோசனை வந்தபோது அவள் மறுத்துவிட்டாள். இன்று அந்தப் பதிவைக் கேட்டால் ஒவ்வொருத்தி குரலும் தனித்தனியாகத் தெரிகிறது. பேரன் பேத்திகள், “இது எங்க அப்பத்தா, இது பக்கத்து வீட்டு அத்தை” என்று அடையாளம் சொல்கிறார்கள்.

ஒப்பாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். பள்ளிக்கூடமும் பிள்ளைகள் புழங்குகிற இடம், அங்கேயும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதே எங்களுக்கு முடிவு. கண்மாய்க் கரைக்குப் போனோம். காற்றில் ஒலிவாங்கி இரைந்தது. தங்கச்சி தன் துப்பட்டாவைச் சுற்றிப் பார்த்தாள், பிறகு வண்டியில் இருந்த போர்வையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நாலு பக்கமும் நின்றோம். புருஷனை இழந்து பல வருடம் ஆன அத்தை, யாருக்கும் பாடாமல் வைத்திருந்த அடிகளை அன்று பாடினார். முடித்ததும் கை கால் முகம் கழுவிக்கொண்டுதான் ஊருக்குள் வந்தார்கள். அத்தை, அந்தப் பாட்டை எங்களிடம் ஒப்படைத்ததற்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எந்த விளம்பரத்துக்கும், எந்தக் குறும்படத்துக்கும் அதைத் தரக்கூடாது என்று நீங்கள் வைத்த நிபந்தனை ஒப்பந்தத்தில் தனிப் பிரிவாக இருக்கிறது. அது அப்படியே இருக்கும்.

பதிவு முடிந்த பிறகு வந்ததுதான் பெரிய வேலை. பாட்டை இணையத்தில் ஏற்றுவதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்தெண் கொண்ட அடையாளம். பிறகு பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று கட்டங்கள். எழுதியவரும் இசையமைத்தவரும் ‘மரபு’ என்று போட்டுவிடலாம். பாடியவர் கட்டத்தில்தான் சிக்கல். ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் வேறொரு மாதிரி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு எழுத்து மாறினாலும் இணையத்தில் அவர் வேறு ஒரு பாடகி ஆகிவிடுவார். வங்கியிலோ பணம் திரும்பிவிடும். எங்கள் குழுவில் இல்லாத ஒரு தம்பி, கணினி மையம் வைத்திருப்பவர், ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேசி, எந்தப் பெயரில் அறியப்பட விரும்புகிறார்கள் என்று கேட்டு, தாள்களைத் திருத்திக் கொடுத்தார். “பல குரல்கள்” என்று ஒரே வரியில் போட்டிருந்தால் அந்த வேலையே இருந்திருக்காது. பெண்கள் பாடிய எத்தனையோ பதிவுகள் அப்படித்தான் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் புதைந்து கிடக்கின்றன.

பெயருக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவது புதிதல்ல. 1902-இல் கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவரில் அச்சாகின. அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும் என்பது காரணம். எங்கள் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் ஊரும் அம்மாவும்: மதுரை, சண்முகவடிவு. நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி தன் ஊரையே பெயராகத் தூக்கிக்கொண்டு வானொலிக்கும் 1985-இல் ‘ஆண்பாவம்’ படத்துக்கும் போனார். 2025-இல் அவர் மறைந்தபோது எங்கள் பாடகிகள் வேலைக்குப் போகவில்லை. அந்த அம்மா பாடியிராவிட்டால், சிவகங்கைச் சீமையின் காட்டு வேலைக்காரிக்கும் ஒரு குரல் உண்டு, அதற்கு ஒரு பெயர் உண்டு என்று எங்களுக்கு யார் காட்டியிருப்பார்கள்? அவருக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு.

கடல் கடந்த ஒரு கடனும் உண்டு. அமெரிக்காவில் 1973-இல் ஒலிவியா ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைப் பெண்கள் சேர்ந்து தொடங்கினார்கள். பெரிய இசைத்தட்டுக் கடைகளை நம்பாமல் ஊர் ஊராகத் தங்களுக்குத் தெரிந்த பெண்களையே விநியோகிப்பவர்கள் ஆக்கினார்கள். கச்சேரி நடக்கிற இடத்திலும் பெண்கள் நடத்திய புத்தகக் கடைகளிலும் விற்றார்கள். 1976-இல் வட கரோலினாவின் டர்ஹமில் தொடங்கிய லேடிஸ்லிப்பர், பெண்களின் இசைப்பதிவுகளுக்கென்றே பட்டியல் அச்சிட்டுத் தபாலில் அனுப்பியது. இவர்களைப் பற்றிப் படித்துத்தான் நாங்களும் கடை தேடுவதை விட்டு ஆள் தேடத் தொடங்கினோம்.

ஆட்கள் கிடைத்தார்கள். மானாமதுரையில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் அண்ணன், மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருபவர். வழக்கமாக யார் பாடிய பாட்டு என்றெல்லாம் அங்கே கணக்கு இருக்காது. அவர் எங்கள் தொகுப்புக்கு மட்டும் ஒரு நோட்டுப் போட்டு, ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் காசு எழுதி வைத்து மாதக் கடைசியில் தந்தார். உறையின் நகலைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார். மினி பஸ் ஓட்டுநர் ஒருவர் காலை நடைக்கு நடவுப் பாட்டைப் போட்டார். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் பஸ்ஸிலேயே கூடப் பாட, இறங்கும்போது “எங்க கிடைக்கும்?” என்று கேட்க, அவரே வாங்கி வைத்து விற்றிருக்கிறார். முளைப்பாரித் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுகிற அண்ணன் செய்ததை நாங்கள் கேட்கவே இல்லை. கும்மிப் பாட்டைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் பாடியவர்களின் பெயரையும் ஊரையும் மைக்கில் அறிவித்திருக்கிறார். அத்தை ஒருவர் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் குழாயில் தன் பெயரைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டாராம். அண்ணே, அரசு விருது கொடுத்திருந்தால்கூட அவர் இவ்வளவு நாள் அதையே பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

மதுரை தமுக்கம் மைதானத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில் தன் அரங்கின் முன்மேசையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த பதிப்பாளர் அக்காவுக்கு நன்றி. அந்த இடத்தில் தன் சொந்தப் புத்தகங்களை அடுக்கியிருக்கலாம் அவர். குறுந்தகடு கேட்கக் கருவி இல்லை என்று தயங்கியவர்களுக்குக் காதில் மாட்டிக் கேட்க வைத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. பாட்டு வரிகளோடு சிறு புத்தகமும் வேண்டும் என்ற யோசனை அந்த மேசையில் வந்ததுதான்.

வெளிநாட்டில் இருக்கிற நண்பர்களுக்கு. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் எங்கள் பாட்டு இருக்கிறது. ஆனால் 2024 முதல் அங்கே ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குக் காசு இல்லை. ஒப்பாரியையும் தாலாட்டையும் யாரும் நாள் முழுக்க ஓடவிட்டுக் கேட்பதில்லை. கேட்கிற ஒருவர் உயிர் உருகக் கேட்டாலும் அந்தக் கணக்கில் அது ஒன்றுதான். பாடியவர்களிடமிருந்தே பாட்டை விலைக்கு வாங்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் நிலைமை வேறு. விலைக்கு விற்கும் பாட்டில் 15 விழுக்காடும் பணம் அனுப்பும் செலவும் போக மீதி நமக்கு. 2020 மார்ச்சிலிருந்து, ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அவர்கள் அறிவிக்கிற சில வெள்ளிக்கிழமைகளில் அந்த 15 விழுக்காட்டையும் விட்டுவிடுகிறார்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் இருந்து, அந்த வெள்ளிக்கிழமைகளாகப் பார்த்துக் காத்திருந்து, குறித்த விலைக்கு மேலேயும் போட்டு வாங்கினீர்களே, அந்தத் தொகை சேர்ந்துதான் போன வாரப் பங்கில் பெரும்பகுதி. யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருத்தி, தாலாட்டைக் கேட்டுவிட்டுத் தன் அம்மம்மா பாடிய தாலாட்டை அனுப்பியிருந்தாள். அதை மூத்த அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். மறுபடி போடச் சொன்னார், மறுபடியும்.

கும்மிப் பாட்டின் ஒரு துண்டு, பாடியவர் பெயர் இல்லாமல் ஆட்டக் காணொளிகளில் பரவியதும் உங்களில் பலருக்குத் தெரியும். ஒவ்வொன்றின் கீழேயும் போய், சண்டை போடாமல், பாடியவர்களின் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தீர்கள். பலர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். சேர்க்காதவர்களும் உண்டு. அங்கேயும் உங்கள் வரிகள் நிற்கின்றன.

வரவு செலவுக் கணக்கு முழுவதும் பாடகிகள் கூட்டத்தில் வாசித்துக் காட்டப்பட்டது. உதவியவர்கள் யார் கேட்டாலும் அதன் நகல் தருவோம். அடுத்த பதிவு தை அறுப்பு முடிந்ததும். இந்த முறை ஏர் ஓட்டமும் ஏற்றமும் பார்த்த பெரியவர்களோடு, அவர்களின் மருமகள்களும் பாட வருகிறார்கள். வழக்கறிஞர் அக்கா ஒப்பந்தத்தை வாசித்துக் காட்ட முதல் நாளே வந்துவிடுவார். தோட்டத்து மோட்டார்க்காரர் தண்ணீரை எப்போது பாய்ச்சுவது என்று இப்போதே கேட்டுவிட்டார். மானாமதுரை அண்ணன் கடையில் பழைய நோட்டு நிறைந்துவிட்டது. புதிது வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

என்றும் கடமைப்பட்டுள்ள,
மதுரையிலிருந்து உங்கள் தோழிகள்