கைதட்டலை எங்கே நிறுத்துவது?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ராசா,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது. "இருபது வருஷம் விரல் தேய சாதகம் பண்ணினவர் அந்த மிருதங்க வித்வான். அவர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் முடிந்ததும் நீ 'ஈஸ்வரா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டால், அவர் உழைப்பைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுத்த மாதிரி இல்லையா அம்மா?" என்றாய். நியாயமான கேள்விதான். உன் அப்பா இருந்திருந்தால் உன் பக்கம்தான் பேசியிருப்பார்.

அந்த வித்வானின் உழைப்பில் ஒரு துளியைக்கூட நான் குறைக்கவில்லை. 1939-இல் தொடங்கிய ராமநவமிக் கச்சேரிகளைக் கேட்க, மூட்டுவலியோடு மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சாமராஜ்பேட்டை கோட்டைப் பள்ளி மைதானத்துக்குப் போகிறேன் என்றால் அது மனுஷர் வாசிப்பதைக் கேட்கத்தான். கும்பிட மட்டும் என்றால் சோமேஸ்வரர் கோயில் நடக்கிற தூரத்தில் இருக்கிறதே.

என் சிக்கல் வேறு. பாராட்டத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிவதில்லை. அந்த மிருதங்கத்தையே எடுத்துக்கொள். வலந்தலையின், அதாவது வலது பக்கத் தோலின், நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்குமே, கரணை. ஒரு வகைக் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, ஒவ்வொரு பூச்சையும் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14 என்று கோணல்மாணலான விகிதத்தில் எழும். அதில் சுருதி நிற்காது. நடுவில் இந்த எடை ஏறியதும் அவை 1, 2, 3, 4, 5 என்று வரிசைக்கு வந்துவிடுகின்றன. இதை 1920-இல் சி.வி. ராமன் இன்னொருவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். மேக்ரி சர்க்கிள் பக்கம் இன்ஸ்டிட்யூட் இருக்கிறதே, அதே ராமன்தான். நான் சயின்ஸ் டீச்சராக இருந்த காலத்தில், ராமன் விளைவைச் சொன்னால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் ராமன் கண்டுபிடித்தது காரணத்தை. கரணையைக் கண்டுபிடித்தது, பேர் தெரியாத யாரோ. சமன்பாடு எதுவும் இல்லாமல், தட்டித் தட்டிக் காதால் கேட்டே அதைச் சரிசெய்திருக்கிறார்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரைக் கொண்டாடாதவர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துவை எத்தனை ரசிகருக்குத் தெரியும்? மாட்டுத்தோல் தொடுகிற கை என்று அந்தக் கைகளைச் சங்கீத உலகம் ரொம்ப நாள் வாசலிலேயே நிறுத்தியிருந்தது. கைதட்டலை வித்வானோடு முடித்துக்கொண்டால் இப்படி அநியாயமும் நடக்கும். அதனால் என் கைதட்டல் வித்வானைத் தாண்டிப் பர்லாந்துவிடம் போகிறது, அங்கிருந்து மிருதங்கக் கட்டையைத் தந்த பலாமரத்துக்குப் போகிறது. அப்புறம் என் காதுக்கே வந்துவிடுகிறது.

அங்கேதான் நான் வாயடைத்துப் போகிறேன். அங்கவடி என்று ஓர் எலும்பு, 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சின்னது. அதற்கு அப்பால் நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழாய், உள்ளே ஒலி அதிர்வைப் பிடிக்கிற மயிரணுக்கள் ஏறக்குறைய 15,000. மேல் ஸ்தாயி ஒலிக்கு வாசல் பக்கம், கீழ் ஸ்தாயிக்கு உள்நுனி என்று இடம் பிரித்து வைத்திருக்கிறது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் 'தொம்' ஓர் இடத்தில், வலந்தலையின் 'நம்' இன்னோர் இடத்தில். இதை யாரும் சாதகம் பண்ணிச் சம்பாதிக்கவில்லை. ஆறாம் மாதத்தில், கோயில் தவில் சத்தத்துக்கு என் வயிற்றை உதைத்தாயே, எந்த குருவிடம் படித்துவிட்டு வந்தாய்?

பரிணாமம் என்பாய். சரி, நானும் அதைத்தான் பாடம் நடத்தினேன். ஊர்வன மாதிரி இருந்த நம் மூதாதைகளின் தாடையில் இருந்த இரண்டு எலும்புகள், கோடிக்கணக்கான வருஷத்தில் மெல்ல இடம்மாறி நம் நடுக்காதுக்கு வந்திருக்கின்றன. மெல்லுவதற்கு இருந்ததைக் கேட்பதற்குக் கொண்டுவருகிற யோசனை எந்த ஆசாரிக்கு வரும்? எப்படி நடந்தது என்று தெரிந்தபிறகு எனக்கு ஆச்சரியம் கூடித்தான் போயிற்று. அந்த இடத்தில் என் வாயில் 'ஈஸ்வரா' வருகிறது. நீ 'அடடா' என்று சொல்லிக்கொள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இன்னொன்று. அந்த மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. ரயிலில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்கிற மாதிரி ஹெட்போனை அலறவிடாதே, பாதிக்குமேல் ஏற்றாதே. அடுத்த ராமநவமிக்கு லீவு கிடைக்குமா என்று பார்த்துச் சொல், இரண்டு டிக்கெட்டாக வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா