சைரன் ஒலித்த இரவை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போருக்கு நடுவே வாழ்கிறவர்களின் தூக்கமின்மைக்குக் கைபேசி வழியாகவே சிகிச்சை தரலாம் என்று உங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் அதே வகைச் சிகிச்சையை ஆறு வாரம் செய்து பார்த்தவன் என்பதால், எனக்கு உடனே ஞாபகம் வந்தது தினமும் காலையில் அதில் நிரப்ப வேண்டிய தூக்க நாட்குறிப்பு. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூக்கம் வர எவ்வளவு நேரமானது, நடுவில் எத்தனை முறை விழித்தீர்கள்? நான் 'மூன்று' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். உக்ரைனின் கீவ் நகரில் இருப்பவர் என்ன தட்டுவார்? இரண்டு மணிக்கு வான்தாக்குதல் சைரன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் இல்லாத நடைவழிக்கு ஓட்டம், நாலேகாலுக்கு 'ஆபத்து நீங்கியது' என்று அறிவிப்பு. இதையும் சாதாரண விழிப்பாகவே செயலி எடுத்துக்கொண்டால், 'நீங்கள் படுக்கையில் அதிக நேரத்தை வீணாக்குகிறீர்கள், இன்று தாமதமாகப் படுங்கள்' என்று சொன்னாலும் சொல்லும்.

சிபிடி-ஐ என்று டாக்டர்கள் சொல்லும் இந்தச் சிகிச்சை (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுவது) சும்மா ஆப் வியாபாரம் இல்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-லேயே சொல்லிவிட்டது, பிரிட்டனில் எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2022-இல் இதே சிகிச்சையைத் தரும் ஸ்லீப்பியோ என்ற செயலியைப் பரிந்துரைத்தது. போர் நடக்கும் இடத்தில் மாத்திரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அதைப் போட்டுக்கொண்டு அசந்து தூங்கினால் சைரன் காதில் விழாமல் போகலாம்.

சிக்கல் அதன் விதிகளில். எட்டு மணி நேரம் படுத்து ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்குகிறவர் இனி ஐந்து மணி நேரம் மட்டும் படுக்க வேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், இதுதான் சிகிச்சையின் உயிர்நாடி. முதல் வாரம் நான் பகலில் நின்றுகொண்டே கண்ணயர்ந்தேன். சைரன் ஏற்கெனவே இரண்டு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டவரிடம் இன்னும் குறைக்கச் சொல்வது கொடுமை. இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய் ஏதாவது படியுங்கள் என்கிறார்கள், 2022 அக்டோபர் முதல் மின்நிலையங்கள் மேல் ஏவுகணை விழுந்து குளிர்காலத்தில் விளக்கும் வெப்பமும் இல்லாமல் கிடந்த வீட்டில் எந்த அறைக்குப் போவது? கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள் என்பது அதைவிட வேடிக்கை. அங்கே எச்சரிக்கைச் செயலி உள்ள கைபேசிதான் சைரன், சைலன்ட்டில் போட்டிருந்தாலும் அலறும்.

அப்படியானால் வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்கிறேன். சைரன் ஒலிக்காத இரவிலும் இதோ ஒலிக்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பது, ஆபத்து நீங்கிய பிறகும் எங்கே விழுந்தது என்று விடியும்வரை டெலிகிராமைத் தள்ளிக்கொண்டே இருப்பது, சிகிச்சை கைகொடுக்கக்கூடிய இடம் அதுதான். 'உங்கள் பயம் மிகையானது' என்ற வழக்கமான பாடம் மட்டும் அங்கே எடுபடாது, பயம் நிஜம். அதற்குப் பதிலாக அந்தக் கவலையைச் சாயங்காலத்துக்கு நகர்த்தலாம்: பை தயாரா, செருப்பு கதவருகே இருக்கிறதா, பிள்ளையை யார் தூக்குவது, எல்லாவற்றையும் எழுதி முடித்து மூடிவிட்டுப் படுக்கலாம். நடைவழியில் போட்ட மெத்தைதான் படுக்கை என்றால், அது தூங்க மட்டும்தான், செய்தி பார்க்க இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நாட்குறிப்பில் சைரனுக்குத் தனிக் கட்டம் வைத்து, அந்த நேரத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். இணையம் இல்லாவிட்டாலும் செயலி ஓட வேண்டும்.

இன்னொன்று. காய்ச்சலில் நான் நாலு நாள் நாட்குறிப்பை நிரப்பாமல் விட்டபோது, 'உங்களைக் காணோமே, இப்படி விட்டால் பலன் கிடைக்காது' என்று செயலி செய்தி அனுப்பியது. எனக்கே எரிச்சலாக இருந்தது. நாலு இரவு பதுங்குமிடத்தில் கிடந்துவிட்டு மேலே வருகிறவரின் திரையில் முதலில் தெரிவது அந்த வரியாக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்