18 அணியில் தொடங்கி 17 அணியில் முடிந்த சீசன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜேர்மனியின் விளையாட்டு லீக்குகள் பற்றி வந்த கட்டுரையில், 1994இல் தொடங்கிய ஐஸ் ஹொக்கி லீக் 'முதல் சீசனிலேயே சிக்கலில்லாமல் காலூன்றியது' என்று ஒரு வசனம் இருந்தது. அந்த சீசன் நடந்தபோது நான் பவேரியாவில், லாண்ட்ஸ்ஹூட் நகரில், ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வாசித்ததும் மனம் பொறுக்கவில்லை.

18 கழகங்களோடு தொடங்கிய லீக் அது. முடியும்போது 17. நடுவில் இல்லாமல் போனது கடைசி இடத்தில் கிடந்த ஏதோ ஒரு அணி அல்ல. 1958 முதல் நடந்துவந்த பழைய ஐஸ் ஹொக்கி லீக்கான புண்டஸ்லீகாவின் கடைசிச் சம்பியனான மியூனிக் ஹெடோஸ்தான் போனது. புது லீக்கில் 'மேட் டாக்ஸ்' என்று பெயர் மாற்றி இறங்கினார்கள். டிசம்பரில், நத்தாருக்கு முன்பே, காசில்லாமல் அணியையே கலைத்துவிட்டார்கள். கழகங்கள் கடனில் மூழ்குகின்றன, கம்பெனிகளாக மாற்றி வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். மாதிரி நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லித்தானே அந்த லீக்கையே தொடங்கினார்கள்? நடப்புச் சம்பியன் பாதிவழியில் கலைந்து போவது சிக்கல் இல்லையென்றால், வேறு எது சிக்கல்?

எங்கள் உணவகத்துக்கு மரக்கறி கொண்டுவருபவர் மியூனிக்காரர். அந்த அணியின் கழுத்துத் துண்டை வண்டியின் முன்கண்ணாடியில் தொங்கவிட்டிருப்பார். அந்த டிசம்பரில் துண்டைக் காணவில்லை. ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கோவாப் பெட்டிகளை இறக்கி வைத்து, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உங்கள் கட்டுரையாளர் அவரைப் போன்ற ஒருவரிடமாவது பேசியிருக்கலாம்.

லாண்ட்ஸ்ஹூட்டின் பெயரும் கட்டுரையில் இல்லை. 1970இலும் 1983இலும் சம்பியனான ஊர், புகழ்பெற்ற வீரர் எரிஹ் கூன்ஹாக்ல் விளையாடிய ஊர் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த முதல் சீசனின் இறுதிச் சுற்றில் கொலோன் ஹையே அணியோடு மோதியது எங்கள் சின்ன ஊர்தான். கொலோன் வென்றது, சரி, தகுதியான அணி. ஆனால் இறுதிவரை வந்த லாண்ட்ஸ்ஹூட்டுக்குக் கிடைத்தது என்ன? 1999இல் லீக்கில் ஆடும் லைசென்ஸ் விற்கப்பட்டு, அதே மியூனிக்குக்குப் போனது. அடுத்த வருஷமே அங்கே சம்பியன் கிண்ணம். 2002இல் அதையும் ஹம்பேர்க்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2016இல் ஹம்பேர்க் அணியும் மூடப்பட்டது. லாண்ட்ஸ்ஹூட் மைதானத்தில் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்த சனத்திடம் யார் கேட்டார்கள்? மொழி சரியாக வராத என்னை இடித்து இடம் ஒதுக்கித் தங்கள் நடுவே நிற்க வைத்த சனம் அது. எனக்கு அந்த ஊர் சொந்த ஊர் மாதிரி ஆனதே அந்தப் படிக்கட்டில்தான்.

கிழக்கு ஜேர்மனி பற்றியும் 'புதிய வாய்ப்புப் பெற்றது' என்று ஒரே வரி. நாடு ஒன்றாகும் முன், ஆண்டுக்கணக்காக இரண்டே அணிகள் ஒன்றோடொன்று விளையாடிக்கொண்டிருந்த லீக் அவர்களுடையது. அதில் 25 முறை சம்பியனான வைஸ்வாசர், புது லீக்கில் இரண்டு சீசன் மட்டுமே தாக்குப்பிடித்தது. மற்ற அணியான பேர்லின் பிறகு பெரிய அணியாக வளர்ந்தது உண்மைதான். ஆனால் வைஸ்வாசர்காரர்களிடம் வாய்ப்பு என்று சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 ஒலிம்பிக்கில் ஜேர்மன் ஐஸ் ஹொக்கி அணி தங்கத்துக்கு மிகக் கிட்டப் போய், மேலதிக நேரத்தில் 4-3 என்று தோற்று வெள்ளி வென்றது. நாட்டின் ஐஸ் ஹொக்கியில் அப்படியொரு நாள் அதற்கு முன் வந்ததில்லை. அந்த வாரம் நம் இதழில் கிரிக்கெட்டுக்கு இரண்டு பக்கம், அந்த வெள்ளிக்கு ஒரு வரிகூட இல்லை. அப்போதும் எழுதினேன். கடிதம் பிரசுரமாகவில்லை. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பனித்தரையில் விளையாடுகிறார்கள், அவர்களும் நம் இதழைப் புரட்டுகிறார்கள் என்பதை ஆசிரியர் குழு நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதம் முழுவதையும் போட இடமில்லாவிட்டால் பரவாயில்லை. முதல் சீசன் 18 அணிகளோடு தொடங்கியது, மியூனிக் நடுவில் கலைந்தது, இறுதிச் சுற்றில் கொலோனோடு ஆடியது லாண்ட்ஸ்ஹூட் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் மட்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
ஜேர்மனி