கதவு நிலையில் மாட்டும் புல்-அப் கம்பி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கையால் தொங்கி உடம்பை மேலே தூக்கிப் பயிற்சி செய்ய வீட்டுக் கதவு நிலையில் மாட்டும் புல்-அப் கம்பியைத் தயாரிப்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்பவர்களுக்கும், அதை ஆன்லைனில் கடைவிரித்திருக்கும் நிறுவனங்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் தச்சு வேலை செய்பவன். நிலை, கதவு, ஜன்னல்தான் என் பிழைப்பு. நீங்கள் விற்கும் கம்பி என்னைப் போன்றவர்கள் வைத்த நிலையில்தான் மாட்டப்படுகிறது.

இதை வாங்குபவர்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு படைக்குப் போனவர்கள். அதுபோன்ற ஊர்களில் பையன்கள் அக்னிவீர் தேர்வுக்கு உடம்பைத் தயார்செய்கிறார்கள். அங்கே பீம் என்று சொல்லும் குறுக்குக் கம்பியில் தொங்கி 10 முறை ஏறினால் 40 மதிப்பெண். 9 என்றால் 33, 6 என்றால் 16. கடைசி ஒன்றுக்கு மட்டும் ஏழு மதிப்பெண் என்பதால் அந்த ஒன்றுக்காக, கை ஓய்ந்த பிறகும் காலை உதறி, உடம்பை வீசி ஏறுகிறான். கம்பிக்கு உண்மையான சோதனை அந்த நேரத்தில்தான்.

உங்கள் சரக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிலைக்கு மேலே கொக்கிபோல் உட்காருவது. அமெரிக்க வீடுகளில் கதவைச் சுற்றிச் சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டு ஒரு மரச்சட்டம் ஓடும். கொக்கியின் பின்பக்கம் அந்தச் சட்டத்தின் மேல் விளிம்பில் உட்கார, முன்பக்கக் குழாய்கள் எதிர்ப்பக்கத்தில் நிலையை அழுத்தும். ஆள் தொங்கத் தொங்கப் பிடி இறுகும். நல்ல யோசனைதான், அந்த வீட்டுக்கு. நம்முடைய செங்கல் வீட்டில் நிலை பெரும்பாலும் பூச்சோடு பூச்சாக முடிந்துவிடும். துருத்தல் இருந்தாலும் கால் அங்குலம், அரை அங்குலம். சில அடுக்குமாடி வீடுகளில் நிலையைச் சுற்றி அழகுக்கு ஒரு பட்டி அடித்திருப்பார்கள். அது பூச்சுக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மறைக்கச் சின்ன ஆணியில் நிற்பது. அதன் மேல் ஆள் தொங்கலாமா?

இன்னொன்று, இரண்டு நிலைக்கால்களுக்கு நடுவே திருகி இறுக்குவது. நம் ஊரில் அதிகம் விற்பது இதுதான். இதைத் தாங்குவது ரப்பர் முனைக்கும் பெயின்ட்டுக்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. எழுபது கிலோ ஆள் தொங்கினால் ஒரு முனைக்கு முப்பத்தைந்து கிலோ. உராய்வுப் பிடிப்பு அழுத்தத்தில் பாதி என்று வைத்தால், ஒவ்வொரு முனையும் எழுபது கிலோ அளவுக்கு நிலைக்காலை அழுத்திக்கொண்டிருந்தால்தான் கம்பி நிற்கும். வீசி ஏறும்போது சுமை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏறும். வழவழப்பான இனாமல் பெயின்ட் என்றாலோ, பாலிஷ் போட்ட தேக்கு என்றாலோ பிடிப்பு அந்தப் பாதிகூட இருக்காது.

அந்த அழுத்தம் போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். ஐந்துக்கு மூன்று அங்குல மரநிலை, பக்கத்துக்கு மூன்று ஹோல்ட்ஃபாஸ்ட், அதாவது நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை, வைத்துச் சுவரில் பதித்தது என்றால் ஓரளவு தாங்கும். குளியலறையில் பிவிசி நிலை இருக்கிறது, உள்ளே வெற்றுக்கூடு, இறுக்கினாலே நசுங்கும். புதுக் கட்டடங்களில் ஃபோம் அடித்து, ஸ்க்ரூவில் நிற்கும் நிலைகள் இருக்கின்றன. இறுக்க இறுக்க நிலைக்கால் வெளிப்பக்கம் வளைந்து, பூச்சில் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் தெரிந்தால் அன்றைக்கே கம்பியைக் கழற்ற வேண்டும் என்று உங்கள் அட்டையில் ஒரு வரி உண்டா? மரமும் ஒரே அளவில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் உப்பியிருக்கும்போது இறுக்கிய கம்பி கோடையில் மரம் சுருங்கும்போது தளரும். தவிர, பிடித்து ஆடும் கை கம்பியைச் சுழற்றும். மரை கழலும் திசையில் சுழன்றால் இறுக்கம் போயிற்று. ஒவ்வொரு நாளும் ஏறுமுன் இறுக்கிப் பார்த்து, காலைத் தரையில் வைத்தபடி பாதி எடையைப் போட்டுச் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்குக் கம்பி நழுவி மணிக்கட்டு முறிந்தது. நிலையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். தந்த நிறப் பெயின்ட்டில் இரண்டு பக்கமும் ரப்பர் இழுத்த கறுப்புக் கோடு. இடப்பக்கம் ஒரு விரல் நீளம், வலப்பக்கம் முழங்கை நீளம். ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மறுபக்கம் ஒரேயடியாக விட்டிருக்கிறது. முழங்காலை மடக்கித் தொங்கியதால் காலை ஊன்ற நேரமில்லை. டைல்ஸ் தரையில் கையை ஊன்றிவிட்டான். பெட்டி அங்கேயே கிடந்தது. எடுத்துப் படித்தேன். எத்தனை கிலோ தாங்கும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. எந்த நிலையில் மாட்டினால், அசையாமல் தொங்கினாலா வீசினாலா என்பது எங்கும் இல்லை. அந்த எண் கம்பி வளையாமல் தாங்கும் எடையாக இருக்கலாம். அவன் வீட்டு நிலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைவிட என்னைப் பதற வைப்பது வேறு. இந்தக் கம்பியில் தூளி கட்டுகிறார்கள். வாடகை வீட்டில் கூரையில் கொக்கி இருக்காது, போட வீட்டுக்காரர் விடமாட்டார். அண்ணன் வாங்கிய கம்பி சும்மாதானே இருக்கிறது என்று அம்மாவின் பழைய சேலையை அதில் போட்டுக் குழந்தையைக் கிடத்திவிடுகிறார்கள். குழந்தையின் எடை குறைவுதான், ஆனால் தூளி ஆடுகிறது, மணிக்கணக்கில் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முனை துளித்துளியாக நகரும். தயவுசெய்து, தூளியைக் குறுக்குக் கோடு போட்டு அடித்த படம் ஒன்றைக் கம்பியிலேயே ஒட்டி அனுப்புங்கள். காகிதத்தில் போட்டால் காணாமல் போய்விடும்.

நான் கேட்பது அதிகச் செலவு வைக்கும் விஷயமில்லை. முனைக்குக் கீழே தாங்கும் இரும்புக் கிண்ணத்தையும் இரண்டு அங்குல ஸ்க்ரூவையும் எல்லாப் பெட்டியிலும் போடுங்கள். அதை மரநிலையில் முடுக்கினால் கம்பி உராய்வை மட்டும் நம்பி நிற்காது. தலைவாசல் நிலையில் துளை போட வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பூஜை போட்டு வைத்த நிலை அது. அறைக்கதவு நிலையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கதவு தானாகச் சாத்தாதபடி கட்டை கொடுக்கச் சொல்லுங்கள். பிவிசி நிலைக்கு ஆகாது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். சுவரில் பதிக்கும் கம்பி விற்பவர்கள், ஆங்கர் போல்ட்டை கான்கிரீட் பீமில் போட வேண்டும், நாலரை அங்குலச் சுவரிலோ இலேசான ஏஏசி என்னும் சிமென்ட் பிளாக்கிலோ போடக்கூடாது என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் தமிழிலும் எழுதுங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைச் சரியாகப் பயன்படுத்தும் முறையையோ, தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையையோ போதுமான அளவு தராத தயாரிப்பாளரையும் பொறுப்பாளியாக்குகிறது. அடிபட்ட வீட்டார் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்று நான் வேலைக்குப் போகும் வீடுகளில் சொல்லிவருகிறேன். ஆனால் கை முறிந்த பிறகு கிடைக்கும் இழப்பீட்டை வைத்து அந்த வருடத் தேர்வுக்குப் போக முடியாது.

புதுச் சரக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போது கிடங்கில் இருக்கும் பெட்டிகளிலேயே ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி அனுப்பலாம். நம் ஊர் நிலைகளைப் பற்றி அதில் என்ன எழுதுவது என்று சந்தேகம் இருந்தால், எந்த ஊர் மரப்பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி