2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: டிரைவர்களுக்கு நாம் போட்ட மார்க்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ராலி ரசிகர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயல்பாடுகள் என்று பன்மையில் சொல்வது சம்பிரதாயம். உண்மையில் நாம் செய்தது, உலக ராலி சாம்பியன்ஷிப்பின் (ஸ்டேஜ் எனப்படும் சாலைத் துண்டுகளில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி நேரத்தோடு போட்டியிடும் கார் பந்தயத் தொடர்) 13 சுற்றுகளையும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது, டிரைவர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க்கு போட்டது, அப்புறம் அந்த மார்க்குக்காகச் சண்டை போட்டது. மூன்றாவது வேலைக்குத்தான் அதிக நேரம் செலவானது. அதனால் அறிக்கையிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் மார்க்கு போடும் முறை மாறிய கதை. 2024இல் சாம்பியன்ஷிப்பிலேயே புள்ளிக் கணக்கை மாற்றினார்கள். சனிக்கிழமை இரவு முதலிடத்தில் இருப்பவருக்கு 18 புள்ளி. ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகக் கணக்கிட்டு, அன்று வேகமாக ஓட்டியவருக்கு 7. பவர் ஸ்டேஜ் எனப்படும், கூடுதல் புள்ளி தரும் கடைசி ஸ்டேஜில் முதலாவதாக வந்தவருக்கு 5. ஆனால் ஞாயிறு ராலியை முடிக்காதவருக்குச் சனிக்கிழமைப் புள்ளி கிடையாது. இதைப் படித்துவிட்டு நம் தலைவர் ஒரு யோசனை சொன்னார். நாமும் சனிக்கிழமை இரவு ஒரு சீட்டு எழுதி டப்பாவில் போடுவோம், ஞாயிறு முடிந்ததும் இன்னொரு சீட்டு, இரண்டின் சராசரிதான் மார்க்கு என்றார். ஜனவரிக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். டப்பா என் வீட்டிலிருந்து போன பழைய பிஸ்கட் டின். மூடி சரியாக உட்காராது, அதனால் சுற்றி ரப்பர் பேண்டு.

புதிய புள்ளிக் கணக்கின் கோளாறு இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது. ஸ்வீடனில் எசபெக்கா லாப்பி வென்றார். 2017 பின்லாந்துக்குப் பிறகு அவருக்கு முதல் வெற்றி. முன்னிலை போதுமான அளவு இருந்ததால் ஞாயிறன்று பத்திரமாக ஓட்டி முடித்தார். விளைவு, இரண்டாவதாக வந்த எல்ஃபின் எவன்ஸ் அவரைவிட அதிகப் புள்ளி எடுத்துப் போனார். "ஜெயிச்சவனுக்குக் கம்மி, தோத்தவனுக்கு அதிகம்னா இது என்னங்க கணக்கு?" என்று கேட்ட உறுப்பினருக்கு என்னிடம் பதில் இல்லை. நம் சீட்டில் லாப்பிக்கு 9 விழுந்தது. பனியில் அடங்கி ஓட்டுவதும் ஒரு வித்தைதான் என்பது அன்று பெரும்பான்மையின் கருத்து. எனக்கும் அதுவே.

மான்டி கார்லோ, கென்யா இரண்டிலும் பெரிய தகராறு இல்லை. முதலாவதில் தியரி நூவில், இரண்டாவதில் கல்லே ரோவன்பெரா, எதிர்ப்பின்றி முதல் மார்க்கு. குரோவேஷியா சுற்றின்போது, 2023இல் அதே ராலிக்கான சோதனை ஓட்டத்தில் உயிரிழந்த கிரெய்க் பிரீனுக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். அந்த ராலியில் எவன்ஸும் நூவிலும் ஞாயிறு வரை மல்லுக்கட்டி, இருவருமே தவறு செய்து, பின்னால் பொறுமையாக வந்துகொண்டிருந்த செபாஸ்டியன் ஓஜியே வெற்றியைத் தட்டிச் சென்றார். போர்ச்சுகலிலும் அவரே.

சர்தீனியாவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூன் 2, ஞாயிறு பிற்பகல். ஓஜியே முன்னிலை, ஆட் டானாக் ஆறு விநாடி சொச்சம் பின்னால். மீதியிருந்தது சஸ்ஸாரி அர்ஜென்டியேரா என்ற பவர் ஸ்டேஜ் மட்டும். டானாக் ஓட்டி முடித்துவிட்டார். பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஓஜியேவின் ஸ்ப்ளிட் நேரம், அதாவது ஸ்டேஜின் இடைவழியில் எடுக்கும் நேரம், வந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று புரிந்தது. டயரில் காற்று இறங்கியிருக்கிறது. நம் கூட்டம் நடக்கும் மாடியில் அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. பொருளாளரின் செல்போனைச் சுற்றி இருபது தலை. கார் கோட்டைத் தாண்டியதும் திரையில் வந்த வித்தியாசம் 0.2 விநாடி. வென்றவர் டானாக்.

மூன்று நாள், 266 கிலோமீட்டர், மிஞ்சியது 0.2. பொருளாளர் அப்போதே செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து தொடங்கி நிறுத்திப் பார்த்தார். அந்த எண்ணை ஒட்டி வர அவருக்கு ஏழெட்டு முறை ஆனது. 2011இல் ஜோர்டான் ராலியில் யாரி-மாட்டி லாட்வலாவை இதே 0.2 விநாடியில் முந்தியவர் ஓஜியேதான். சாம்பியன்ஷிப் வரலாற்றில் இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் யாரும் வென்றதில்லை. அன்று வாங்கியதை இன்று திருப்பிக் கொடுத்தார் என்று ஒருவர் சொன்னார். ரசிக்கும் மனநிலையில் அப்போது யாரும் இல்லை.

ஞாயிறு சீட்டு எழுதும்போதுதான் கைகலப்புக்குக் கொஞ்சம் முன்னால் வரை போனது. பஞ்சர் ஆனதற்கு டிரைவருக்கு மார்க்கு குறைக்கலாமா? உக்கடத்தில் டயர் கடை வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினர் எழுந்து சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். "பஞ்சர்ல மூணு வகைங்க. வளைவுல உள்பக்கம் ரொம்ப வெட்டிப் போயி கல்லுல இடிக்கறது ஒண்ணு, அது டிரைவரோட தப்பு. முன்னால போன வண்டி கிளப்பி விட்ட கல்லு பாதை நடுவுல கிடக்கறது ஒண்ணு, அதுக்கு அவன் என்ன பண்ணுவான்? மூணாவது, ரெண்டாவது தடவை அதே ஸ்டேஜ்ல ஓடறப்ப பள்ளம் ஆழமாயி ரிம்மு வாங்கற அடி. அது பாதி பாதி." அவர் ஓஜியேவுக்கு 9 போட்டார். பக்கத்தில் இருந்தவர் 5 போட்டார். ஆறு விநாடி கையில் வைத்துக்கொண்டு பவர் ஸ்டேஜ் புள்ளிக்கும் ஆசைப்பட்டால் இப்படித்தான் ஆகும் என்பது அவர் வாதம். அந்த நாற்காலிகள் இரண்டையும் அடுத்த கூட்டத்திலிருந்து தள்ளித் தள்ளிப் போட ஏற்பாடு செய்தேன்.

மண் பாதை ராலிகளில் முதல் காராகப் போகிறவர் படும் பாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஜூலையில் தீர்மானம் போட்டோம். சாம்பியன்ஷிப்பில் முன்னிலையில் இருப்பவர் வெள்ளிக்கிழமை முதலில் கிளம்ப வேண்டும். மேலே கிடக்கும் தளர்ந்த சரளையை அவர் கார் கூட்டித் தள்ளிக்கொண்டு போகும், பின்னால் வருகிறவர்களுக்குச் சுத்தமான தடம். கேத்தனூர் காற்றாலைப் பக்கத்து மண் பாதைகளில் ராலி பார்த்த நம் பழைய உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாவது கார் போவதற்குள் செம்மண் போய் அடிப்பாறை தெரியும். நூவில் ஜனவரியிலிருந்து நவம்பர் வரை புள்ளிப் பட்டியலின் தலையில் இருந்தவர். ஆகவே ஆண்டு முழுக்கத் துடைப்பக்கட்டை வேலை அவருக்குத்தான். வெள்ளிக்கிழமை அவர் நான்காவதாக வந்தால் அதை மற்றவரின் இரண்டாம் இடத்துக்குச் சமமாகப் பார்ப்பது என்று முடிவானது. இது விஞ்ஞானம் இல்லை என்று பொறியியல் கல்லூரியில் பணிபுரியும் உறுப்பினர் ஆட்சேபம் தெரிவித்தார். ஆட்சேபம் குறித்துக்கொள்ளப்பட்டது.

போலந்தில், பாதையைப் பார்த்துக் குறிப்பெழுதும் ரெக்கியின்போது ஓஜியே சாலை விபத்தில் சிக்கினார். கடைசி நேரத்தில் ரோவன்பெராவை அழைத்தார்கள். வந்து, வென்றுவிட்டுப் போனார். அடுத்தவன் பரீட்சை ஹாலுக்குள் பேனாவை இரவல் வாங்கிக்கொண்டு போய் முதல் மார்க்கு எடுத்த கதை. நம் சீட்டிலும் அவருக்கு 10. லாத்வியாவிலும் அவர்தான் வென்றார். ஆனால் அந்த ராலியில் நம் டப்பாவில் அதிக மார்க்கு விழுந்தது மார்டின்ஷ் செஸ்க்ஸுக்கு. முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிடுவார் என்று சொந்த ஊர்க் கூட்டம் காத்திருக்க, கடைசி ஸ்டேஜில் அவருடைய ஃபோர்டு பூமாவின் டிரான்ஸ்மிஷன் கைவிட்டது. முடிவில் ஏழாம் இடம். ஏழாம் இடத்துக்காரருக்கு முதல் மார்க்கு கொடுத்தது நம் சங்க வரலாற்றில் இதுவே முதல் முறை. இதற்கு ஒருவர்கூட எதிர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறேன்.

பின்லாந்து. இதை எழுதுவதைக் கடைசி வரை தள்ளிப் போட்டேன். ரோவன்பெரா அதுவரை சொந்த நாட்டு ராலியை வென்றதில்லை. சனிக்கிழமை இரவு நாற்பது விநாடிக்கு மேல் முன்னிலை. டப்பாவில் விழுந்த சீட்டுகளில் 9க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. ஒருவர் 11 எழுதியிருந்தார், அதை 10 என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறு, கடைசிக்கு முந்திய ஸ்டேஜ். பாதையில் கிடந்த ஒரு கல். கார் மரங்களுக்குள் போனது. வெற்றி ஓஜியேவுக்கு.

மாடியில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூன்று பேர் எழுந்து வந்து, சனிக்கிழமைச் சீட்டைத் திருப்பிக் கொடுங்கள், மாற்றி எழுத வேண்டும் என்றார்கள். நான் மறுத்தேன். சனிக்கிழமை இரவு அவர் ஓட்டிய ஓட்டம் ஞாயிறு மதியத்தில் ஒரு கல்லால் மோசமான ஓட்டமாக ஆகிவிடுமா? முடிவு தெரிந்த பிறகு மார்க்கு போடுவதற்கு நாம் எதற்கு, புள்ளிப் பட்டியலை வெட்டி ஒட்டினால் போதுமே. முடிவு தெரியாதபோது கண்ணால் பார்த்ததை எழுதத்தானே டப்பா வைத்தோம். அன்று இதைச் சற்று உரத்த குரலில் சொல்லிவிட்டேன். குரலுக்கு வருத்தம் தெரிவிக்கிறேன். சொன்னதற்கு இல்லை.

கிரீஸில் நூவில், சிலியில் ரோவன்பெரா, மத்திய ஐரோப்பாவில் டானாக். மத்திய ஐரோப்பா ராலி தீபாவளி நெருங்கிய நேரத்தில் வந்ததால் வருகை குறைவு. வந்தவர்கள் சீட்டைவிட முறுக்கில் அதிகக் கவனம் செலுத்தினார்கள்.

நவம்பரில் ஜப்பான். அங்கே நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னதாகவே விடிகிறது. ஆகவே கூட்டம் விடியற்காலையில். ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி, போர்வையுடன் பன்னிரண்டு பேர். நூவிலுக்குத் தேவை 6 புள்ளி மட்டுமே. வெள்ளிக்கிழமையே அவருடைய டர்போ கோளாறாகிப் பட்டியலில் கீழே போய்விட்டார். போட்டியாளர் டானாக்கோ ராலியிலேயே முதலிடம். ஞாயிறு முதல் ஸ்டேஜில் டானாக் பாதையை விட்டு வெளியே போனார். அந்தக் கணத்திலேயே நூவில் உலக சாம்பியன் ஆகிவிட்டார். 2013, 2016, 2017, 2018, 2019 என்று ஐந்து முறை இரண்டாமிடத்தில் நின்ற மனிதர். பெல்ஜியத்துக்கு இதுவே முதல் பட்டம். ராலியை வென்றவர் எவன்ஸ். தயாரிப்பாளர் பட்டத்தில் டொயோட்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் இழுபறி, கடைசியில் டொயோட்டா 3 புள்ளி கூடுதல்.

ஆண்டின் சிறந்த டிரைவர் யார் என்ற வாக்கெடுப்பு டிசம்பரில் நடந்தது. நூவில் வென்றது இரண்டு ராலி. பாதி ஆண்டு மட்டும் ஓட்டிய ரோவன்பெரா நான்கு. ஓஜியேவும் முழு ஆண்டு ஓட்டவில்லை, அவருக்கு மூன்று. சராசரி மார்க்கில் ரோவன்பெரா முதலிடம், வாக்கில் நூவில். பதின்மூன்று ராலிக்கும் வந்து, ஆண்டு முழுக்கப் பாதையைக் கூட்டியவனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே தராசா என்று டயர் கடை உறுப்பினர் கேட்ட கேள்விதான் வாக்கைத் திருப்பியது என்று நினைக்கிறேன். நான் ரோவன்பெராவுக்குப் போட்டேன். பரிசான எவர்சில்வர் சொம்பு, பெற்றுக்கொள்ள நூவில் வராத காரணத்தால், என் வீட்டு அலமாரியில் பாதுகாப்பாக உள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயலிச் சந்தாவும் தேநீரும்தான் பெருஞ்செலவு. கரண்டு போனால் சமாளிக்க ஒரு சிறிய இன்வெர்ட்டர் வாங்குவது பற்றி விவாதிக்க வேண்டும். சர்தீனியா போல் இன்னொரு முறை தாங்காது.

2025இல் கார்களில் ஹைபிரிட் கிடையாது. பைரெல்லி போய் ஹான்கூக் டயர் வருகிறது. சனிக்கிழமைப் புள்ளியையும் எடுத்துவிட்டார்கள், பழையபடி ராலி முடிந்த பிறகே வென்றவருக்கு 25. ஆகவே நம் சனிக்கிழமைச் சீட்டும் இனி தேவையில்லை என்று சிலர் கேட்கிறார்கள். தொடர வேண்டும் என்பது என் பரிந்துரை, முடிவு பொதுக்குழுவுடையது. பின்லாந்துச் சீட்டுகளைத் திருத்தித் தரக் கேட்டு எழுத்து மூலம் வந்த மூன்று மனுக்களும் டப்பாவுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றையும் இன்றே எடுத்துக்கொள்ளலாம். மான்டி கார்லோ ஜனவரி 23 அன்று தொடங்குகிறது. டம்ளர் அவரவர் கொண்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்