மழைக்குழியை யார் தூர்வாருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை ஜங்ஷன் மூழ்கியதிலிருந்து, தெருவில் தேங்கும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி, தாழ்வான செடிப்பாத்தி என்ற பேச்சு நம் ஊரிலும் அடிபடுகிறது. நல்லதுதான். காயல்பட்டினத்தில் அன்று ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு எந்தக் குழியும் ஈடுகொடுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து தெருவில் தேங்குகிற தண்ணீருக்குத்தான் இவை. அதற்காவது உதவ வேண்டாமா?

எங்கள் தெருமுனைக் குழியின் மூடியில் டீக் கப்பும் வேப்பஞ்சருகும் அடைத்துக் கிடக்கின்றன. உள்ளே விரல் கனத்துக்கு வண்டல் படிந்து, பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. கரண்டியால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் மணல் பொலபொலவென்றுதான் இருக்கிறது. தண்ணீரை இறங்கவிடாமல் தடுப்பது மேலே உள்ள அந்த ஒரு விரல் மண்தான். ஒன்றிரண்டு நாளில் வற்ற வேண்டியது வாரக்கணக்கில் நின்றால் கொசு வரும். கொசு வந்தால் தெருக்காரர்களே குழியை மூடிவிடுவார்கள்; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2003-ல் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பும் இப்படித்தான் ஆனது. குழாய் இறங்குகிறது, தொட்டியைத் திறந்து பார்ப்பார் இல்லை.

செடிப்பாத்தி கதை வேறு. சாலையைவிடத் தாழ்ந்திருந்தால்தான் அதில் தண்ணீர் இறங்கும். 'அழகுபடுத்துகிறோம்' என்று செம்மண் கொட்டி மேடாக்கி, சுற்றிலும் கட்டைச்சுவர் எழுப்பிவிட்டால் அது பெரிய பூந்தொட்டி, அவ்வளவுதான்.

பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய்ப் பாசனத்துக்காரர்களுக்கு இந்தப் பராமரிப்பெல்லாம் புதிதல்ல. மடையைப் பார்த்துக்கொள்ள மடைக்குடும்பன் இருந்தார். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். வேலைக்கு ஆளும் உண்டு, கூலியும் உண்டு. இன்று குழி வெட்ட டெண்டர் விடுகிறார்கள். வாருவதற்குப் பணம் ஒதுக்குகிறார்களா?

வார்டு வாரியாக எத்தனை குழி, எத்தனை பாத்தி, யார் பொறுப்பு என்று பட்டியல் போட்டு வார்டு அலுவலகத்தில் ஒட்டட்டும். புரட்டாசிக்குள் ஒரு தடவை மேல்வண்டலைச் சுரண்டி, புது மணல் போட வேண்டும். பெருமழை பெய்து ஓய்ந்ததும் மூடியையாவது துப்புரவு செய்ய வேண்டும். சுரண்டிய மண்ணைக் குழி ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகும் வழக்கமும் நிற்க வேண்டும். அன்றைக்கே வண்டியில் ஏற்றாவிட்டால் முதல் மழையில் அத்தனையும் திரும்ப உள்ளேதான் போகும்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை