ஸ்விஃப்ட் குறித்து நடராஜனுக்கு

அன்புள்ள நடராஜா,

நான்கு மாதங்களாகப் பதில் எழுதாதது என் தவறுதான். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டில் அனைவரும் நலம்.

உலக வங்கிகள் தங்களுக்குள் பணப்பரிமாற்றச் செய்திகளை அனுப்பிக்கொள்ளும் வலையமைப்பான ஸ்விஃப்ட்டைப் பற்றி, "ஸ்விஃப்ட் வெறும் தபால்காரர், தபால்காரருக்கு ஏது அரசியல்?" என்று எழுதியிருந்தாய். வங்கிச் செய்திகள் டெலெக்ஸ் என்னும் தொலைத்தட்டச்சில் வந்த காலத்தில், பெட்டகத்திலிருந்து குறியீட்டுப் புத்தகத்தை எடுத்து, செய்தி உண்மையானதா என்று காட்டும் சோதனை எண்ணை நாம் இருவரும் கூட்டிச் சரிபார்த்த நாட்களிலிருந்தே உன் வாதம் இதுதான். அதன் வழியே பணம் நகர்வதில்லை, செய்தி மட்டுமே செல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தி போய்ச் சேராத வங்கியோடு யாரால் வணிகம் செய்ய முடியும்?

2012 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஈரானிய வங்கிகள் ஸ்விஃப்ட்டிலிருந்து துண்டிக்கப்பட்டபோது நான் டெல்லிக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தேன். கர்னாலிலிருந்து பாசுமதி அனுப்பிய ஒருவர் தினமும் காலையில் வந்து, பணம் வராத பில்களின் கோப்பை என் மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்ப்பார். அரிசி ஈரானில் இறங்கிவிட்டது. அதற்குரிய பணம் வர வழியில்லை. ஈரானிடம் இந்தியா வாங்கிய எண்ணெய்க்கான தொகையில் ஒரு பகுதியை யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தி, அதிலிருந்து நம் ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு பிறகுதான் கைகொடுத்தது.

இருந்தாலும் என் மனத்தை உறுத்துவது 2012 அல்ல. பெல்ஜியத்தில் பதிவான கூட்டுறவு நிறுவனமான ஸ்விஃப்ட் தன் மண்ணின் சட்டத்துக்கு அப்போது பணிந்தது, அவ்வளவுதான். 2018இல் நடந்ததைப் பார். ஈரானுடன் செய்த அணு உடன்படிக்கையிலிருந்து அமெரிக்கா மட்டுமே விலகி, ஈரான்மீது மீண்டும் தடைகளை விதித்தது. ஐரோப்பாவோ, அந்தத் தடைகளுக்குத் தன் நிறுவனங்கள் கீழ்ப்படியக் கூடாது என்று ஆகஸ்டில் தன் தடுப்புச் சட்டத்தையே விரிவாக்கியது. அப்படியிருந்தும், ஸ்விஃப்ட் மீதே தடை விழலாம் என்று அமெரிக்க நிதியமைச்சர் எச்சரித்த சில நாட்களில், நவம்பரில், இடையில் மீண்டும் சேர்க்கப்பட்டிருந்த சில ஈரானிய வங்கிகளின் இணைப்பு நிறுத்திவைக்கப்பட்டது. உலக நிதி அமைப்பின் நிலைத்தன்மைக்காக என்று காரணம் சொன்னார்கள். சொந்த வீட்டுச் சட்டம் ஒன்று சொல்ல, கடல் கடந்த மிரட்டல் வென்றது, நடராஜா! மாற்று வழியாக பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் ஈரானோடு வணிகம் செய்ய 2019 ஜனவரியில் தொடங்கிய இன்ஸ்டெக்ஸ் என்னும் அமைப்பு பெயரளவுக்கே இயங்கி, 2023இல் மூடப்பட்டது.

2022 மார்ச்சில் ஏழு ரஷ்ய வங்கிகளைத் துண்டித்தபோதும், ரஷ்ய எரிவாயுவுக்கு ஐரோப்பா பணம் கட்ட வேண்டியிருந்ததால் காஸ்ப்ரோம் வங்கியை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. எந்தக் கடிதம் போகலாம், எது போகக் கூடாது என்று பிறர் தீர்மானிக்கும் தபால்காரரை அரசியலற்றவர் என்று எப்படிச் சொல்வாய்?

தை பிறந்ததும் மதுரைக்கு வருகிறேன். உன் மறுப்பை அதற்குள் எழுதி அனுப்பு.

உன்,
ராமலிங்கம்